எதிர்வீட்டுப் பச்சையும் சில துளிக் காவியும்: க்ரீமா, சாண்டலா?

தம்பி ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றி எழுதிக் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் 12 அடித் தெருவில் கிழக்குப் பார்த்த தரைத்தள வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியே இருப்பதால் வெளிச்சம் வருவதெல்லாம் முன்வாசல், அதன் பக்கத்து ஜன்னல், பின்னால் துணி துவைக்கும் கொஞ்சம் திறந்த இடம், அவ்வளவுதான். ஒரு ஹால், அதோடு திறந்தே இருக்கும் சமையலறை, நடுவில் ஜன்னல் இல்லாத, கதவு போட்ட ஒரு படுக்கையறை. தரை அந்தக் காலத்து ரெட் ஆக்சைடு. எதிர்வீடு மாடி வைத்தது, கிளிப்பச்சை. இப்போது சுவரெல்லாம் வெளிர் நீலம். கடையிலிருந்து இரண்டு நிற அட்டை கொண்டுவந்திருக்கிறார், ஒன்று க்ரீம், ஒன்று சாண்டல். அம்மா க்ரீம் என்கிறாராம், மனைவி சாண்டல் என்கிறாராம், "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், எதை அடிக்கிறது?" என்பது கேள்வி.

என் பதில் இது: ஹாலுக்கும் சமையலறைக்கும் சாண்டல், ஆனால் உங்கள் கையில் இருப்பதைவிட ஒரு படி வெளிறியது. படுக்கையறைக்கு க்ரீம், அதுவும் அங்கே இருக்கும் ட்யூப்லைட்டை மாற்றுவதாக இருந்தால். காரணம் தெரியாமல் கேட்டுக்கொண்டால் கடைக்காரர் வேறு ஒன்று சொன்னதும் மாறிவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கொருக்குப்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷின் முன்னால் 22 வருடம் நின்றவன் நான், இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் தடுமாறியவர்களைத்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

மெஷினில் நடப்பதைச் சொன்னாலே பாதி புரிந்துவிடும். இரண்டுக்கும் அடித்தளம் ஒரே வெள்ளை, டைட்டானியம் டை ஆக்சைடு. க்ரீம் வேண்டுமென்றால் மெஷின் அதில் மஞ்சள் ஆக்சைடைச் சொட்டும். சாண்டல் வேண்டுமென்றால் அதே மஞ்சள் ஆக்சைடு, கூடவே சில துளி சிவப்பு ஆக்சைடு, பல நேரம் ஒரு பொட்டு கறுப்பு. மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு என்பதெல்லாம் இரும்பிலிருந்து வரும் நிறங்கள்தான், நம் பாட்டி வீட்டில் சுண்ணாம்போடு கலந்தார்களே காவி, அதன் சொந்தக்காரர்கள். ஆக, உங்கள் அம்மாவின் நிறத்துக்கும் மனைவியின் நிறத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு டின்னுக்குச் சில துளிக் காவி. அந்தச் சில துளி சும்மா இருக்காது என்பதுதான் விஷயம்.

பெயிண்டர் மேஸ்திரிகள் இதைத் தெளிவாகச் சொல்வார்கள். "இது மஞ்சள் அடிக்கும், அது ரோஸ் அடிக்கும்" என்பார்கள். நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு நிறத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அட்டையைத் தனியாகக் கையில் வைத்துப் பார்த்தால் அது தெரியாது, ஏனென்றால் கண் அதையே வெள்ளைக்குப் பக்கமாக எடுத்துக்கொண்டுவிடும். ஒரு வெள்ளை ஏ4 தாளைத் தரையில் விரித்து, இரண்டு அட்டையையும் அதன்மேல் ஒட்டினாற்போல் வையுங்கள், வெளிச்சத்தில், ட்யூப்லைட் அணைத்துவிட்டு. ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும்: ஒன்று எலுமிச்சைப் பக்கம் சாயும், மற்றது மரப்பாச்சிப் பக்கம் சாயும். இதை இன்றைக்கே செய்து பாருங்கள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று இனிமேல் சொல்ல மாட்டீர்கள்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் என்ன வரும்? கருமஞ்சள் வரும் என்று நினைப்போம், வருவது பச்சை. பாசி மாதிரி ஒரு மங்கிய பச்சை. நம்பிக்கை இல்லாவிட்டால் பிள்ளைகளின் வாட்டர் கலர் டப்பாவில் கலந்து பாருங்கள். சுவரில் நிழல் விழும்போதும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. வெளிச்சம் குறைந்த மூலையில், பீரோவுக்குப் பின்னால், லாஃப்ட்டுக்குக் கீழே, க்ரீம் சுவர் க்ரீமாக இருக்காது, மெல்லிய பச்சை தட்டும். வடசென்னையில் இன்னொன்றும் சேர்கிறது, தூசி. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புகை, சாலைப் புழுதி, வீட்டுக்குள் ஊதுவத்தி, தாளிக்கும் எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து சுவரில் படியும்போது அதுவும் கறுப்புதானே. இரண்டு வருடம் கழித்து க்ரீம் ஹால் ஒன்று அழுக்காகத் தெரிகிறது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் அழுக்கு கொஞ்சம்தான் இருக்கும், நிறம் பச்சைக்குப் போயிருக்கும், அதனால் சுவருக்கு உடம்பு சரியில்லாதது போல ஒரு தோற்றம். சாண்டலிலும் அதே புகைதான் படியும், ஆனால் உள்ளே இருக்கும் சிவப்பு அந்தப் பச்சையை எழவிடாமல் பிடித்துவைக்கும், சுவர் கொஞ்சம் பழுப்பாகும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது எதிர்வீட்டுக் கிளிப்பச்சை. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் ஹாலுக்குள் வரும் வெளிச்சத்தின் பெரும்பகுதி ஆகாயத்திலிருந்து வரவில்லை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பித்தான் வருகிறது. யோசித்துப் பாருங்கள். கிழக்குப் பார்த்த வாசல், ஆகவே காலை வெயில் நேரே உள்ளே வரும் என்று வெளியூர்க்காரர் சொல்வார். 12 அடிக்கு அப்பால் மாடி வீடு நிற்கும்போது எங்கே வரும்? கோடையிலேகூடச் சூரியன் அந்த மாடியைத் தாண்டி உங்கள் வாசலில் எட்டிப் பார்க்கக் காலை பத்து, பத்தரை ஆகிவிடும், அப்போதும் வாசலருகே சில அடி வரைக்கும்தான். பன்னிரண்டு மணிக்கு மேல் சூரியன் மேற்கே சாயும், அப்போது எதிர்வீட்டு முகப்பில் வெயில் நேராக அடிக்கும். உங்கள் வீட்டு நிழல் அதன்மேல் ஏறும் வரைக்கும், அதாவது ஏறக்குறைய இரண்டு மணி வரைக்கும், அந்தப் பச்சைச் சுவர் ஒரு பெரிய விளக்கு மாதிரி வேலை செய்யும். அந்தப் பச்சை வெளிச்சம் உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஹாலின் பின்சுவரில் விழும். இதை நீங்களே பார்க்கலாம், ஒரு வெள்ளை வேட்டியை மடித்து மதியம் ஒரு மணிக்கு ஹாலின் உள்சுவரில் தொங்கவிட்டுப் பாருங்கள். வேட்டி வெள்ளையாக இருந்தால் என் பேச்சை விட்டுவிடலாம், ஆனால் இருக்காது.

இப்படிப் பச்சை கலந்த வெளிச்சம் க்ரீமில் விழுந்தால், ஏற்கெனவே பச்சைப் பக்கம் சாயக் காத்திருக்கும் நிறம் அது, முழுதாகச் சாய்ந்துவிடும். நீங்கள் வாங்கியது க்ரீம், மதியம் பார்ப்பது வெளுத்த பாசிப்பருப்பு நிறம். சாண்டலில் விழுந்தால், அந்தச் சில துளிக் காவி பச்சையை அடக்கும், சிவப்பும் பச்சையும் ஒன்றை ஒன்று தணிக்கும் நிறங்கள். அப்போது சாண்டல்தான், நீங்கள் அட்டையில் பார்த்து ஆசைப்பட்ட க்ரீம் மாதிரி தெரியும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் கேட்கும் நிறம் அந்த ஹாலில் கிடைக்க வேண்டுமென்றால் டின்னில் சாண்டல் இருக்க வேண்டும்.

எதிர்வீடு வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்திருந்தால் நானே க்ரீம் என்று சொல்லியிருப்பேன். எதிரே செங்கல் நிறமோ ஆரஞ்சோ இருந்தால் சாண்டலைக் கிட்டேயே விடக்கூடாது. தெரு அகலமாக இருந்தால் இந்தக் கதையே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ஏழுகிணறு மாதிரி நெருக்கமான தெருக்களில்தான் எதிர்வீட்டுக்காரர் அடித்த பெயிண்டும் நம் வீட்டு நிறத்தில் பங்கு கேட்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வடக்குப் பார்த்த அறையில் நீல வெளிச்சம்தான் வரும், அதனால் சூடான நிறம் அடியுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதுவதை அப்படியே தமிழில் போட்டு நிறைய பேர் சுற்றவிடுகிறார்கள். அது லண்டனுக்குச் சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது, அந்த மாதங்களில் வடக்குச் சுவரில் நேர் வெயிலே அடிக்கும். ஆகவே திசையை மட்டும் வைத்து நிறம் சொல்பவர்களை நம்பாதீர்கள், ஜன்னலுக்கு வெளியே என்ன நிற்கிறது என்று கேட்பவரை நம்புங்கள். அதேபோல் சூடான நிறம் அடித்தால் வீடு சூடாகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். உள்சுவர் நிறத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் கையில் தெரிகிற சம்பந்தம் கிடையாது, சூடு இறங்குவது மொட்டை மாடியிலிருந்து.

இனி தரை. ரெட் ஆக்சைடு தரை என்று படித்ததும் எனக்கு எங்கள் அம்மா வீடுதான் ஞாபகம் வந்தது. காசிமேட்டுப் பக்கம் பழைய வீடு, அதே சிவப்புத் தரை, எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். வாசலுக்கு எதிரே வீடே கிடையாது, திறந்த இடம், காலை ஏழு மணிக்கே கடல் பக்கத்து வெயில் நேராக ஹாலுக்குள் வந்து தரையில் விழும். கடையில் வேலை பார்க்கிறோமே என்ற நம்பிக்கையில் நான் சோதித்துப் பார்க்காமலே நல்ல கெட்டியான சாண்டல் கலந்து கொண்டுபோய் அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா கூப்பிட்டு, "இன்னாப்பா, ரோஸ் அடிச்சிட்ட?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே ரோஸ்தான், சுவரின் கீழ்ப்பாதி முழுக்க, இடுப்பு உயரம் வரைக்கும். சிவப்புத் தரையில் விழுந்த வெயில் சிவப்பாகத் திரும்பி, சாண்டலில் இருந்த சிவப்போடு சேர்ந்துகொண்டது. மேல்பாதி சாண்டல், கீழ்ப்பாதி ரோஸ், ஒரே டின், ஒரே கை. அம்மா ஒன்றும் திட்டவில்லை, ஆனால் அந்த வருடப் பொங்கலுக்கு வந்தவர்களிடமெல்லாம் "பையன் ஆசையா அடிச்சிக் குடுத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அடுத்த வருடம் அங்கே க்ரீம் அடித்தேன். அந்த வீட்டுக்கு க்ரீம்தான் சரி, தரையின் சிவப்பு அதற்கு வேண்டிய சூட்டைத் தானே கொடுத்துவிடும்.

உங்கள் வீட்டில் தரை சிவப்பு, எதிர்வீடு பச்சை, இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. நேர் வெயில் தரையில் விழுவது உங்கள் வாசலருகே கொஞ்ச நேரம்தான், ஆகவே பச்சையின் கைதான் ஓங்கியிருக்கும், ஆனால் தரையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவும் முடியாது. அதனால்தான் சாண்டலில் ஒரு படி வெளிறியது என்று சொன்னேன். ஷேட் கார்டில் ஒரே பட்டையில் மேலிருந்து கீழாக ஆறேழு நிறம் இருக்குமே, உங்கள் சாண்டல் இருக்கும் அதே பட்டையில் ஒன்று மேலே போங்கள். வேறு பட்டைக்குத் தாவாதீர்கள், தாவினால் உள்ளே ஒளிந்திருக்கும் நிறமே மாறிவிடும்.

வெளிறியதை எடுக்க இன்னொரு காரணம் கணக்கு. ஒவ்வொரு பெயிண்ட் நிறத்துக்கும் விழும் வெளிச்சத்தில் எத்தனை பங்கைத் திருப்பிக் கொடுக்கும் என்று ஒரு எண் உண்டு, எல்ஆர்வி என்பார்கள், கரிக்கறுப்பு பூஜ்யம், சுத்த வெள்ளை 100. க்ரீமுக்கு 75, நடுத்தர சாண்டலுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் வீட்டில் வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர், அங்கிருந்து அதற்கடுத்தது என்று பட்டுப் பட்டுத்தான் உள்ளே போகிறது. 100 பங்கு வெளிச்சம் க்ரீமில் முதல் முறை பட்டால் 75, இரண்டாம் முறை 56, மூன்றாம் முறை 42. சாண்டலில் 60, 36, பிறகு 22 கூட இல்லை. மூன்று தடவை பட்டதுமே பாதியாகிவிட்டது பாருங்கள். வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், சமையலறையில் நின்று காய் நறுக்குபவருக்கு ஒன்றில்லை. ஒவ்வொரு தடவை படும்போதும் வெளிச்சம் சுவரின் நிறத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போவதால், நாலு சுவரும் ஒரே நிறம் அடித்த சின்ன அறையில் அந்த நிறம் அட்டையில் இருந்ததைவிட அழுத்தமாகத் தெரியும். "கடையில் பார்த்ததைவிட டார்க்கா இருக்கே" என்று வந்து நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெஷின் சரியாகத்தான் கலந்து கொடுத்திருக்கும்.

படுக்கையறைக்கு வேறு நிறம் சொன்னதும் இதனால்தான். ஜன்னலே இல்லாத அறையில் எதிர்வீட்டுப் பச்சைக்கு வேலை இல்லை, அங்கே சூரியனும் விளக்குதான், ஆகாயமும் விளக்குதான். இப்போது அங்கே மாட்டியிருப்பது நீல வெள்ளையாக எரியும் எல்இடி ட்யூப் என்று எழுதியிருக்கிறீர்கள், அது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும், நம் வீடுகளில் நிறைய இடத்தில் அதுதான். அந்த மாதிரி மலிவான ட்யூபில் நல்ல சிவப்பு ஒளி குறைவாக இருக்கும். சுவரில் சிவப்பு இருந்தும் அதன்மேல் விழ சிவப்பு ஒளி இல்லாவிட்டால் அது திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை, சாண்டல் அங்கே மண் அப்பியது போல மங்கித் தெரியும். க்ரீம் அதைவிடப் பரவாயில்லை, வெளிச்சத்தையும் அதிகமாகத் திருப்பும், ஆனால் அதுவும் கொஞ்சம் எலுமிச்சை வாசம் பிடித்தது மாதிரி இருக்கும். 4000 கெல்வின் ட்யூப் ஒன்று வாங்கிப் போடுங்கள், நேச்சுரல் ஒயிட் அல்லது நியூட்ரல் ஒயிட் என்று போட்டிருக்கும், சிஆர்ஐ 90 என்று எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது, விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. அதன் கீழே க்ரீம் அழகாக இருக்கும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் வரைக்கும் போகத் தேவையில்லை, க்ரீம் அங்கே மஞ்சளாகிவிடும், புடவை நிறமும் சரியாகத் தெரியாது. ஹாலுக்கும் இதே 4000தான் என் சிபாரிசு, இல்லையென்றால் பகலில் நன்றாக இருக்கும் சாண்டல் ராத்திரி எட்டு மணிக்குத் தூங்கி வழியும். பெயிண்ட் செலவோடு பார்த்தால் இரண்டு ட்யூபின் விலை ஒன்றுமே இல்லை, ஆனாலும் யாரும் இதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

ஹாலில் க்ரீம் ஒரு சுவர், சாண்டல் மூன்று சுவர் என்று அம்மாவையும் மனைவியையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தும் யோசனை உங்களுக்கு வரலாம், எல்லாருக்கும் வரும். வேண்டாம். இவ்வளவு நெருக்கமான இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் வித்தியாசத்தைப் பெரிதுபண்ணும், க்ரீம் பச்சையாகவும் சாண்டல் ரோஸாகவும் தெரியும், இரண்டும் கெட்டுப்போகும். படுக்கையறை கதவு போட்டது, நடுவில் மரச் சட்டம் இருக்கிறது, அதனால் அங்கே மாறலாம். சீலிங் எல்லா இடத்திலும் வெள்ளைதான்.

இப்போது சோதனை. நான் சொன்னதை அப்படியே நம்பி அடிக்க வேண்டாம், உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. சுவரில் நேராகப் பட்டை பட்டையாக அடித்துப் பார்க்கலாம் என்று மேஸ்திரி சொல்வார், உங்கள் வீட்டில் அது சரிப்படாது, சுற்றிலும் வெளிர் நீலம் இருக்கிறதே. நீலத்துக்கு நடுவில் வைத்தால் எந்த க்ரீமும் ஆரஞ்சு மாதிரி எரியும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டோ கெட்டி அட்டையோ மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் வெள்ளை விட்டு, ஒன்றில் க்ரீம், ஒன்றில் உங்கள் சாண்டல், ஒன்றில் ஒரு படி வெளிறிய சாண்டல், இரண்டு கோட் அடித்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் எமல்ஷன் பால் மாதிரி வெளுத்து இருக்கும், காய்ந்தால் ஒரு சாயல் அடரும், அதனால் அடித்த கையோடு பார்த்து முடிவு செய்யக்கூடாது. பிறகு அதை ஹாலின் பின்சுவரில் ஒரு முறை, தரையை ஒட்டி ஒரு முறை, சமையலறை மூலையில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். காலை எட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் நாலரை, ராத்திரி ட்யூப் போட்டு. இந்த நாலில் மதியம் ஒரு மணியும் ராத்திரியும்தான் உங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லும். மூன்றுக்கும் சின்ன டின் வாங்கும் செலவு உறுத்தும்தான், மறுபடி ஒரு ஹால் அடிக்கும் கூலியோடு வைத்துப் பாருங்கள்.

போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். கேமரா வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும் என்று தானாகவே நிறத்தைத் திருத்திவிடும், நாம் தேடுகிற அந்த ஒரு மயிரிழை வித்தியாசத்தைத்தான் அது முதலில் துடைத்துப் போடும்.

கடையில் கவனிக்க வேண்டியது மூன்று. ஒரு கம்பெனி அட்டையைக் காட்டி இன்னொரு கம்பெனி பெயிண்ட்டில் அதே நிறம் கலக்கச் சொல்லாதீர்கள், "அடிச்சித் தரேன் சார்" என்பார்கள், கடை ட்யூப்லைட்டில் அச்சாக ஒன்றாகவும் இருக்கும், வீட்டு வெயிலில் பிரிந்துவிடும், இரண்டு கம்பெனியும் ஒரே நிறத்துக்கு வேறு வேறு சாயம் போடுவதால் வெளிச்சம் மாறும்போது ஒன்று ஒரு பக்கம் போகும், மற்றது வேறு பக்கம் போகும். இரண்டாவது, ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் மட்டும் 440 சதுர அடி, கதவைக் கழித்துப் பார்த்தால் பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு 4 லிட்டர் டின் ஏறக்குறைய சரியாக வரும். இரண்டு டின் ஆகிற ஹாலில் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிட்டுத்தான் அடிக்கச் சொல்ல வேண்டும், சில துளிக் காவியின் கதை என்று ஏற்கெனவே சொன்னேனே, டின்னுக்கு டின் அரைத் துளி மாறினாலும் நடுச்சுவரில் கோடு தெரியும். மூன்றாவது, மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள், நாளை ஆணி அடித்த இடத்தைத் தொட வேண்டியிருக்கும்.

பளபளப்பு வேண்டுமா என்று கேட்டால், ஹாலுக்கு வேண்டாம். பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்போது பளபளப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். கழுவித் துடைக்கக்கூடிய மேட் எமல்ஷன் போதும். சமையலறையில் அடுப்புப் பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் துடைக்க வசதி.

ஓதம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தப் பக்கம் தரைத்தளத்தில் ஓதம் ஏறாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. சுவரின் அடியில் உப்பு பூத்திருந்தால் எந்த நிறம் என்ற பேச்சுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள், பூச்சு உதிர்ந்த இடத்தைக் கொத்தி எடுத்துக் காயவிட்டு மறுபடி பூசி, புதுப் பூச்சு என்றால் அதற்கு 28 நாளாவது விட வேண்டும். வெள்ளையாகப் பூக்கும் உப்பு க்ரீமில் அவ்வளவாகத் தெரியாது, சாண்டலில் பளிச்சென்று தெரியும். சாண்டலில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான். ஹாலின் அடிச்சுவரில் உப்புப் பூப்பது நிற்கவே நிற்காது என்ற நிலைமை என்றால் கீழே மூன்றடிக்கு டைல்ஸ் போட்டு மறைப்பவர்களும் உண்டு, ஆனால் ஈரம் அதற்கு மேலே ஏறிப் பூக்கும், ஆகவே அதை நான் சொல்ல மாட்டேன்.

பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகிக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம், எனக்கும் அந்த வாசனை பிடிக்கும், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஊறிய சுவர் ஜனவரி முதல் வாரத்தில் காய்ந்திருக்காது, அதன்மேல் பட்டி போட்டு எமல்ஷன் அடித்தால் ஆடி மாதத்துக்குள் கொப்பளிக்கும். பொங்கலுக்கு வாசல் கதவு, ஜன்னல் கம்பி மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு, சுவரைப் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். அந்த இடைவெளியில் மூன்று பலகையையும் வைத்துப் பார்க்க நாள் நிறைய கிடைக்கும். அப்புறம், எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவர்களும் இந்த வருடம் முகப்புக்குப் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் என்ன நிறம் என்று. பச்சை போய் வெள்ளை வருகிறது என்றால் எனக்கு எழுதுங்கள், ஹாலுக்கு அம்மா கேட்ட க்ரீமையே அடித்துவிடலாம்.